நெடுங்கேணிக் கராஜின் மின்சார நிர்வாகம்

மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர்கள் யார் யாரோ. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்த மின்சாரம் முதன்முதலாக முறைப்படி நிர்வகிக்கப்பட்ட இடம் நெடுங்கேணியில் எங்கள் குகதாசன் மாமாவின் வீட்டுக் கராஜ்தான் என்பதை வரலாறு ஒருநாள் ஒப்புக்கொள்ளும். அந்த நிர்வாகத்தின் செயலாளர் மதுசன் என்ற முறையில், வரலாற்றுக்குச் சிரமம் கொடுக்காமல் நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கராஜ். வெளிநாட்டில் இருந்துகொண்டு எங்கள் பக்கத்தில் கட்டுகிற வீட்டுக்குச் சில இலட்சணங்கள் உண்டு. வாசல் கேற்றின் மேல் சிங்கம் இருக்க வேண்டும். மேல்மாடிக்குப் படி இருக்க வேண்டும், மேல்மாடி இல்லாவிட்டாலும். பக்கத்தில் கராஜ் இருக்க வேண்டும். மாமா இருப்பது கனடாவில், ஸ்காபரோவில். அவருடைய காரும் அங்கேதான். இருந்தாலும் நெடுங்கேணியில் கராஜ் கட்டி, குளியலறைக்குப் போடுகிற வெள்ளை மாபிளை அதன் தரைக்குப் பதித்தார். என்றோ ஒருநாள் அதில் ஒரு கார் வந்து நிற்கும் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. அதுவரை விறகும், தேங்காயும், மழை பெய்தால் பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரி அக்காவின் ஆடும் அங்கே ஒதுங்கி வந்தன.

அந்த வீட்டில் இருப்பவர்கள் என் அம்மாவும் அக்கா அருந்ததியும். "வீடு பார்க்கிறார்கள்" என்று மாமா சொல்வார். பார்ப்பது என்றால் கூட்டுவது, துடைப்பது, மாமா கேட்கும்போதெல்லாம் வீடியோ கோலில் ஒவ்வொரு அறையாகக் காட்டுவது.

நான் ஸ்காபரோவில், அதே மாமாவின் வீட்டு பேஸ்மென்டில் இருக்கிறேன். இரவு வேலை, ஒரு சாமான் கிடங்கில் பெட்டி ஏற்றுகிறேன். இந்த நாட்டில் இருக்கலாமா என்ற என் விண்ணப்பம் இன்னும் விசாரணையில் இருப்பதால் யாராவது கதவு தட்டினாலே எனக்கு நெஞ்சு இடிக்கும். மற்றப்படி ஒரு குறையும் இல்லை. கட்டில் இருக்கிறது, காலடி மட்டும் தெரிகிற யன்னல் இருக்கிறது, குளிருக்குச் சூடு இருக்கிறது. சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் மேலே மாமாவின் போனில். "இளந்தாரிக்கு உது காணும்" என்று அவரே அளந்து விடுவார். அந்த அளவைப் பற்றி நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. நன்றி என்று ஒன்று இருக்கிறதல்லவா.

அக்கா வெல்டிங் படித்தவள். படித்து முடித்து வவுனியாவில் ஒரு கடையில் சேர்ந்தாள். அங்கே ஆண்கள் கேற் ஒட்டினார்கள். ஒட்டிய கேற்றுக்குப் பெயின்ற் அடிக்க அவளை விட்டார்கள். கொஞ்சக்காலம் அடித்துவிட்டு, பாவித்த வெல்டிங் பிளான்ட் மெசின் ஒன்றைத் தேடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வந்ததும் மாமாவுக்குக் கோல் எடுத்தாள்.

"மாமா, கராஜ் சும்மாதானே கிடக்குது. அதில நான் வெல்டிங் கடை போடட்டே?"

"சும்மா கிடக்கேல்லைப் பிள்ளை. அது காருக்குக் காத்துக்கொண்டு கிடக்குது."

"கார் வாற அண்டைக்கு நான் எழும்பிக் குடுப்பன்."

இந்த இடத்தில் மாமா மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அதுதான் பெருந்தன்மை. "சரி, ஆனா செய்யிறதைத் திட்டம் போட்டுச் செய்யோணும்," என்றார்.

திட்டம் அவசியம்தான். வீட்டுக்கு இருந்தது சாதாரணச் சிங்கிள் பேஸ் கரண்ட். ஒரு லைட்டுக்கும் ஃபானுக்கும் அது காணும். அக்கா வெல்டிங் பிளான்டைக் கொழுவி ஒரு குச்சியை இரும்பில் தொட்டதும் வீடு முழுவதும் லைட்டுகள் கண் சொருகின. வேலிக்கு அப்பால் ஜெகதீஸ்வரி அக்காவின் டிவி நின்றது.

"அருந்ததி, கொஞ்சம் பொறு மேனை," வேலிக்கு மேலால் குரல் வந்தது. "இப்பதான் நாடகத்தில அவள் தன்ர தகப்பன் ஆரெண்டு சொல்ல வாயெடுத்தவள்."

ஆகவே பாரத்தை மூன்றாகப் பிரித்துத் தூக்குகிற மூன்று பேஸ் இணைப்பு வேண்டும், தடித்த வயர் வேண்டும், பாரம் கூடினால் கரண்டைத் தானே வெட்டுகிற பெரிய பிரேக்கர் வேண்டும். பிளான்டோடு கொம்பிரசர், இரும்பு தேய்க்கிற கிரைண்டர், இரும்பு வெட்டுகிற மெசின் எல்லாம் வர இருந்தன. எல்லாம் மாசி மாத அறுவடைக்கு முன் முடிய வேண்டும். வயலுக்குள் நெல் அறுக்கிற வெட்டு மெசின் இறங்கினால் ஏதாவது உடையும். நெல் ஏற்றி உழவு மெசின் இழுக்கிற பெட்டிகளின் கொக்கி கழலும், அச்சு வெடிக்கும். வருசத்து வெல்டிங் வேலையெல்லாம் அந்த நாட்களில்தான் கொட்டும். அதைப் பிடித்தால் அக்காவின் கடை ஊருக்குள் நிற்கும். தவறவிட்டால் வவுனியா, பெயின்ற் தூரிகை, அடுத்தவனின் கேற்.

இவ்வளவு பாரதூரமான விடயத்தை வேலை செய்கிறவளின் கையில் மட்டும் விட முடியாது அல்லவா. உடனே வட்ஸ்அப்பில் "நெடுங்கேணிக் கராஜ் மின்மயமாக்கல் சபை" அமைக்கப்பட்டது. தலைவர் மாமா. ஆன்மீக ஆலோசகர் லண்டனில் இருக்கும் சிவலட்சுமி பெரியம்மா. செயலாளர் நான். தொழில்நுட்பப் பிரிவு நெடுங்கேணியில் வயரிங் செய்யும் கணபதி அண்ணை. அக்காவும் சேர்க்கப்பட்டாள், "பயனாளி" என்ற தகுதியில். சண்டைக்குப் பிறகு வன்னிக்கு வந்த எத்தனையோ உதவி நிறுவனங்கள் எங்களுக்குக் கற்றுத் தந்த அருமையான சொல் அது. பயனாளி கூட்டத்துக்கு வரலாம், கதிரையில் இருக்கலாம், படத்தில் நிற்கலாம். முடிவு எடுக்கிற கஷ்டம் அவருக்கு இல்லை.

முதற்கூட்டத்தை மாமா ஆரம்பித்து வைத்தார்.

"எங்கட கனடாவில 110 வோல்ட். தற்செயலாத் தொட்டாலும் மெல்லமாத்தான் அடிக்கும். அங்கையும் அதையே போடுவம்."

"செய்யலாம்," என்றார் கணபதி அண்ணை.

"எப்பிடிச் செய்வியள் அண்ணை?" என்று அக்கா கேட்டாள். "றோட்டுக் கம்பியில வாறது 230."

"செய்யலாம் எண்டுதான் பிள்ளை சொன்னனான். செய்யிறன் எண்டு சொல்லேல்லையே."

அடுத்து பெரியம்மா. அவாவுக்கு வோல்ட் முக்கியமில்லை, திசைதான் முக்கியம்.

"மெயின் போர்ட் எந்த மூலையில வருகுது?"

"கராஜுக்குள்ள, பிளான்டுக்குப் பக்கத்துச் சுவரில பெரியம்மா. கை எட்டுற இடம். ஏதும் நடந்தா உடன நிப்பாட்டலாம்," என்றாள் அக்கா.

"நடக்காமல் இருக்கத்தானே மூலை பார்க்கிறது. நெருப்பு, கரண்ட் எல்லாம் அக்கினி மூலையில இருக்கோணும். தென்கிழக்கு."

கணபதி அண்ணை போனைத் திருப்பிக் காட்டினார். கராஜின் தென்கிழக்கு மூலையில் சுவர் இல்லை; மேலே சுருட்டுகிற இரும்புக் கதவுதான் இருந்தது.

"சுருளுற கதவில போர்ட் பூட்டினா போர்டும் சேர்ந்து சுருளும்," என்றாள் அக்கா.

"அப்ப வீட்டின்ர அக்கினி மூலை எது?"

"அது குசினி."

பிறகு ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. கம்பத்திலிருந்து வருகிற தடித்த வயர், கராஜைக் கண்டும் காணாததுபோல் கடந்து, வீட்டை அரைச் சுற்றுச் சுற்றி, குசினிக்குள் புகுந்து, மிளகாய்த்தூள் போத்தல்களுக்கு மேல் ஒரு பெட்டியில் இளைப்பாறி, மீதி அரைச் சுற்றையும் சுற்றிக்கொண்டு கராஜுக்குத் திரும்பி வர வேண்டும். "செய்யலாம்," என்றார் கணபதி அண்ணை. இந்தமுறை அவர் குரலில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. வயர் கடையும் அவருடையதுதான்.

பின்னாலிருந்து அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. "தூள் எடுக்கப் போற நான் பெரிய கரண்டில கை வைக்கிறதோ?"

அம்மா சபை உறுப்பினர் இல்லாதபடியால் அந்தக் கேள்வி எடுக்கப்படவில்லை.

"எனக்கு இன்னொரு யோசனையும் இருக்கு," என்றா பெரியம்மா. "நாளைக்குக் கலியாணம் பேச வாற ஆக்கள், பொம்பிளை என்ன செய்யிறா எண்டு கேட்டா என்னெண்டு சொல்லுறது?"

"கேற் ஒண்டு அடிச்சுத் தருவா எண்டு சொல்லுங்கோ பெரியம்மா. நல்ல ஆக்களெண்டா வாங்குவினம். கூடாத ஆக்களெண்டா பூட்டுவம்," என்றாள் அக்கா.

இரண்டாம் கூட்டத்தில் அக்கா ஒரு சிக்கலைக் கிளப்பினாள்.

"கராஜில ஏதும் பத்தினா, நான் வீட்டைச் சுத்தி ஓடி, செருப்பைக் கழட்டிப்போட்டுக் குசினிக்குள்ள போய் நிப்பாட்டோணும். ஒரு சிவப்புப் பொத்தான் கராஜ் சுவரில வையுங்கோ. அமத்தினா எல்லாம் நிக்கும். அது காணும்."

"சுவருக்குப் போன வருசம்தான் பெயின்ற் அடிச்சது," என்றார் மாமா. "துளை போடேலாது."

அன்று முழுவதும் எனக்குக் கராஜ் எரிவதும் அக்கா செருப்பைக் கழற்றுவதுமாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. தொலைவில் இருக்கிறவனுக்கு வேறு என்ன வேலை, பயப்படுவதுதான். அந்தப் பயத்தில் போனைக் கிண்டியபோது ஒரு சாமான் கண்ணில் பட்டது. போனிலிருந்தே கரண்டைப் போடவும் அணைத்து நூர்க்கவும் கூடிய பிரேக்கர். வீட்டு வைஃபையில் கொழுவிவிட்டால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அதை இயக்கலாம். அடுத்த கூட்டத்தில் நானே அதை முன்மொழிந்தேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒன்றை மாமா ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை. கையால் போட முடியாதபடி போனிலேயே பூட்டி வைக்கிற வசதியும் அதில் இருந்தது. மாமாவை மிகவும் கவர்ந்தது அந்த வசதிதான்.

"நல்லது," என்றாள் அக்கா. "அப்ப என்ர போனில அதைப் போட்டுத் தாங்கோ."

"உன்ர போனில எப்பிடிப் பிள்ளை? வேலை செய்யேக்க உன்ர கண்ணில கறுப்புக் கண்ணாடி, கையில கையுறை. வேலை செய்யிற ஆளின்ர கையில சுவிட்சைக் குடுக்கிறது பாதுகாப்பில்லை."

"அப்ப ஆர்ர கையில?"

"நாங்கள் இருக்கிறம்தானே."

தூரத்தில் இருப்பவனுக்குத்தான் முழுப்படமும் தெரியும் என்ற இந்தத் தத்துவத்தை நான் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். மாமாவின் போனில், பெரியம்மாவின் போனில், என் போனில் என்று சுவிட்ச் மூன்று இடத்தில் நிறுவப்பட்டது. பிரேக்கர் மட்டும் சொக்லேட்டுக்கும் சம்பூவுக்கும் இடையில் பார்சலில் நெடுங்கேணிக்குப் போய்க் குசினிப் பெட்டிக்குள் ஏறியது.

அதற்கிடையில் மின்சார இணைப்புக்காரர் வந்து மூன்று பேஸ் கம்பியை இழுத்துத் தந்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு கூட்டமும் வைக்காமல் செய்த வேலை என்பதால் மாமாவுக்கு அதில் கடைசிவரை கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

திறப்புவிழாவுக்குப் புதன்கிழமை காலை என்று நாள் குறித்தது பெரியம்மா. அதில் ஒரு நுணுக்கம் தவறிப்போனது. நெடுங்கேணியில் புதன் காலை என்றால் ஸ்காபரோவில் அப்போதும் செவ்வாய் மாலை.

"சுவிட்சைப் போடுறது நான்," என்றார் மாமா. "என்ர இடத்தில செவ்வாய். செவ்வாயில ஒண்டும் தொடங்கக்கூடாது."

"கரண்ட் வாறது இஞ்ச மாமா. இஞ்ச புதன்."

"போற இடம் புதன். புறப்படுற இடம் செவ்வாய். புறப்பாடுதான் முக்கியம்."

ஆகவே ஒருநாள் தள்ளிப்போனது. மறுநாள் மாமா வேட்டி சால்வையோடு சோபாவில் அமர்ந்தார். மாமி குத்துவிளக்கு ஏற்றினா. நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லண்டனில் பெரியம்மா போர்வைக்குள் இருந்தபடி கும்பிட்டா. நெடுங்கேணியில் கணபதி அண்ணை தேங்காயை ஓங்கினார். "மாபிளில உடைக்காதேங்கோ," என்றார் மாமா. அவர் தேங்காயோடு றோட்டுக்குப் போய் உடைத்துவிட்டு வந்தார். மாமா தன் பெருவிரலை உயர்த்தி, சபையை ஒருமுறை பார்த்து, அழுத்தினார்.

கராஜில் லைட் பற்றியது. கொம்பிரசர் உறுமியது. அக்கா முகமூடியை இழுத்து விட்டுக்கொண்டு ஒரு துண்டு இரும்பில் குச்சியைத் தொட்டாள். பொறி பறந்தது. வேலிக்கு அப்பால் டிவி நிற்கவில்லை. ஜெகதீஸ்வரி அக்கா எட்டிப் பார்த்து, "ஓம், இப்ப திறம்," என்றா. அம்மா கண்ணைத் துடைத்தா.

"நான் படிக்கேக்க இந்த ஊரில அரிக்கன் லாம்புதான்..." என்று மாமா தன் உரையைத் தொடங்கினார். அது முடிந்ததும், "சரி, இண்டைக்குக் காணும்," என்று சுவிட்சை நூர்த்தார். கரண்டை வீணாக்கக்கூடாது அல்லவா.

அடுத்தநாளே முதல் வாடிக்கையாளர் வந்தார். விஜிதரன் அண்ணை. அவருக்கு வயலும் இருக்கிறது, சந்தியில் ஓடாமல் பூட்டிக் கிடக்கிற ஓர் அரிசி ஆலையும் இருக்கிறது. அவருடைய உழவு மெசின் பெட்டியின் இழுவைக் கொக்கி வெடித்துப் போயிருந்தது. நெல் ஏற்றிக்கொண்டு போகும்போது அந்தக் கொக்கி விட்டால் பெட்டி பின்னால் வருகிற பஸ்ஸுக்கு மேல் போகும். அவ்வளவு பொறுப்பான ஒட்டு. அக்கா பழைய துருவைச் சுரண்டி, கொக்கியைப் பொருத்தி, ஒட்டத் தொடங்கினாள்.

நான் கிடங்கில் இடைவேளையில் இருந்தேன். போனில் வவுனியா மாவட்டத்துக்கு மேல் ஒரு குட்டி மின்னல் படம் காட்டியது. நூர்த்தேன்.

உடனே கோல் வந்தது. "ஆர் நிப்பாட்டினது?"

"நான்தான் அக்கா. உங்க ஊரில இடி மின்னல்."

"வெளிய வந்து நிக்கிறன். வெயில் கண்ணைக் குத்துது."

"போனில மழை எண்டு காட்டுது."

"அப்ப போனை எடுத்து வெயிலில காய வை. தம்பி, ஒட்டு அரைவாசியில குளிர்ந்தா வெடிக்கும். போடு."

போட்டேன். அவள் அரைகுறை ஒட்டைத் திருப்பிச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் பெரியம்மா நூர்த்தா. இராகு காலம்.

"இராகு காலத்தில தொடங்கத்தான் கூடாது பெரியம்மா," என்று அக்கா கெஞ்சினாள். "இது தொடங்கின வேலை."

"நடுவில விட்டுத் தொடங்கினதெல்லோ ராசாத்தி. அது புதுத் தொடக்கம்தான்."

அது முடிந்து கரண்ட் வந்தது. பின்னேரம் மறுபடி போனது. இம்முறை லண்டனின் இராகு காலம். பெரியம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை; இரண்டு நாட்டு இராகு காலமும் பார்த்தா.

விஜிதரன் அண்ணை பெட்டியின் ஓரத்தில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டு இதையெல்லாம் பார்த்தார். "தங்கச்சி, உன்ர வேலையில பிழை சொல்ல மாட்டன்," என்றார். "உன்ர கரண்டுக்குத்தான் சொந்தக்காரர் கூட."

இவ்வளவு குழப்பத்தையும் கண்ட மாமா, தலைவர் என்ற முறையில் இரும்புக்கரம் கொண்டு தலையிட்டார். ஆளுக்கு ஆள் போட்டு நூர்ப்பது நிர்வாகம் அல்ல. இனிமேல் ஒரே விதி: மேற்பார்வை இல்லாமல் பெரிய கரண்ட் ஓடக்கூடாது. தான் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஓடலாம். தான் படுக்கப் போகும்போது நூர்த்து, பூட்டி, காலையில் எழும்பித் திறப்பார்.

அக்கா விரல் விட்டு மணிக்கணக்குப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, நீங்கள் படுக்கேக்கதான் இஞ்ச விடியுது."

"அது என்ர பிழையே பிள்ளை?"

"நீங்கள் எழும்பேக்க இஞ்ச பொழுது படுகுது."

"நல்லதுதானே. வெயிலுக்குள்ள வேலை செய்யத் தேவையில்லை."

"பின்னேரம் பட்டா ஆர் மாமா பெட்டியை இழுத்துக்கொண்டு வருவினம்? நாளையிண்டைக்கு வயலுக்குள்ள மெசின் இறங்குது. எனக்குப் பகல்தான் வேணும்."

"இரவு வேலை செய்யிற மதுசன் இருக்கிறான்தானே. அவன்ர பொறுப்பில பகலுக்கு விடலாம் எண்டு பார்த்தா, அவன்ர கிடங்கில போன் பார்க்க விடாங்களாம். அவன் வானத்தில மேகத்தைக் கண்டாலும் நூர்த்துப்போடுவான்."

மாமா என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். "பகல் முழுக்க நான் பார்க்கிறன், விடுங்கோ" என்று ஒரு வசனம் என் தொண்டை வரை வந்தது. அப்போது வெளியே பனி. மாமாவின் மற்றக் கையில் சூட்டைக் குறைக்கிற போனும் இருந்தது. வசனம் திரும்பி உள்ளே போய்விட்டது.

"சரி மாமா," என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எங்கள் நிர்வாகம் சிறந்து விளங்கியது. முறைப்பாடு ஒன்றும் வரவில்லை. அக்கா கோல் எடுத்து "ஆர் நிப்பாட்டினது" என்று கேட்பது நின்றது. முன்பு பிளான்ட் ஓடும்போது மாமாவின் போனில் கரண்ட் பாவனைக் கோடு சிவப்பாக எழும்பும். மாமாவுக்கு அதைக் கண்டால் இரத்த அழுத்தமும் சேர்ந்து எழும்பும். பாரமான மெசின்களுக்கென்று போட்ட லைன் பாரமான கரண்டை எடுப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. இப்போது அந்தக் கோடு பச்சையாகப் படுத்தே கிடந்தது. "பாத்தியே, சிக்கனமாப் பாவிக்கப் பழகீட்டாள்," என்றார்.

நானும் என் பங்கைச் செய்தேன். வேலையால் வந்து, மாமா எழும்பித் திறந்த பிறகு, கராஜ் லைட்டை ஒருக்கால் போடுவேன். நூர்ப்பேன். மறுபடி போடுவேன். இந்த நாட்டில் நான் சொல்லி ஒன்றும் நடப்பதில்லை. ஊரில் என் சொல் கேட்கிற ஒரு பொருள் இருக்கிறது என்று நினைத்தால் மனதுக்கு ஓர் ஆறுதல்.

இப்படி அறுவடை போய்க்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிறு காலை அக்காவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். மாமா இன்னும் எழும்பவில்லை. சுவிட்ச் பூட்டியபடி இருந்தது. அங்கே பொழுது சாய்கிற நேரம். அக்கா கோலை எடுத்தாள். முகமூடி நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டிருந்தது. முகமெல்லாம் கரி. பின்னால் கிரைண்டர் ஒன்று அலறியது.

நான் போனில் சுவிட்சைப் பார்த்தேன். நூர்த்துத்தான் இருந்தது. கிரைண்டர் அலறியது. மறுபடி பார்த்தேன்.

"அக்கா, இஞ்ச ஓஃப் எண்டு காட்டுது. உங்க எப்பிடி கிரைண்டர் ஓடுது?"

"அதுக்கு உங்கட ஓஃப் தெரியாது."

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். அது கராஜ் இல்லை. வெள்ளை மாபிள் இல்லை. உமி ஒட்டிய பழைய சுவர், உயரமான தகரக் கூரை. வாசலில் உழவு மெசின் பெட்டிகள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. ஒரு வெட்டு மெசினின் கழற்றிய பல்லு நிலத்தில் கிடந்தது.

"விஜிதரன் அண்ணையின்ர ஆலை," என்றாள். "நெல்லுக் குத்தின காலத்திலேயே மூண்டு பேஸ் எடுத்து வைச்சிருக்கிறார். கொக்கியை ஒட்டிக் குடுத்தன். அதே பெட்டியில என்ர பிளான்டையும் ஏத்திக்கொண்டு வந்து இறக்கினவர்."

"எப்ப?"

"மாமா முதன்முதலாப் பூட்டிப்போட்டுப் படுக்கப் போன அண்டைக்கே."

"அப்ப எங்களுக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா கூட்டம் வைப்பியள்."

யாரோ ஒருவர் பின்னால் "தங்கச்சி, இந்த அச்சு நாளைக்குக் காலமை வேணும்," என்று கேட்டார். "விடியக் கொண்டு போங்கோ," என்று அவள் திரும்பாமலே சொன்னாள்.

"அப்ப கராஜில?"

"ஜெகதீஸ்வரி அக்கான்ர ஆடு நிக்குது. குட்டி போட்டிருக்கு. நீ பின்னேரத்தில லைட்டைப் போட்டுப் போட்டு நூர்க்கிறனியாம். குட்டி அதுக்குத் துள்ளுதாம். அம்மா சொல்லிச் சிரிக்கிறா."

"உங்க நெருப்பு ஏதும் பத்தினா?"

"சுவரில சிவப்புப் பொத்தான் ஒண்டு வைச்சிருக்கிறன். கணபதி அண்ணையைக் கேட்டன். செய்யலாம் எண்டார். செய்தும் தந்தவர்." அவள் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டு வந்தாள். "நீ என்ன, வீட்டுக்குள்ள தொப்பியும் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு நிக்கிறாய்?"

"இஞ்ச குளிர் எண்டா குளிர்தான் அக்கா."

"சூடு இல்லையே?"

"இருக்கு. மாமா இன்னும் எழும்பேல்லை."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முகமூடியைக் கீழே இழுத்தாள். "நான் இந்த ஒட்டை முடிக்கோணும். தம்பி, அவையளுக்குச் சொல்லிப்போடாத. அவையள் சந்தோசமா நூர்க்கட்டும்," என்றாள்.

அன்று மத்தியானம் சபையின் மீளாய்வுக் கூட்டம். மாமா மேல்மாடிச் சோபாவிலும், நான் அதே வீட்டு பேஸ்மென்டிலும், பெரியம்மா லண்டனிலுமாக இணைந்தோம்.

"பயனாளி வரேல்லையோ?"

"வேலையாம்," என்றேன். அது உண்மை.

"பாத்தியளே," என்றார் மாமா. "திட்டம் போட்டுச் செய்தா இப்பிடித்தான். ஒரு நெருப்பில்லை. ஒரு ஷொக் இல்லை. சிவப்புக் கோடில்லை. மாபிளில ஒரு கீறல் இல்லை எண்டு கணபதி சொல்லுறான்."

"அக்கினி மூலை செய்த வேலை," என்றா பெரியம்மா.

"தொழில் பிடிச்சிட்டாளாம் எண்டு ஊரெல்லாம் கதை. அந்தப் பிள்ளை இண்டைக்குச் சொந்தக் காலில நிக்குதெண்டா அது ஆராலை?" என்று மாமா கேட்டார்.

கேள்வி பொதுவாகக் கேட்கப்பட்டதால் யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருந்தால் அந்தக் கூட்டமே அன்றோடு கலைந்திருக்கும். கலைந்தால் மாமா என்னைப் பற்றி ஒரு கூட்டம் வைப்பார். ஆகவே நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பதில் எனக்கு இப்போது நல்ல பயிற்சி.

"அடுத்தது," என்று மாமா தொடர்ந்தார், "மதுசன்ர அம்மாவின்ர கிணத்து மோட்டர். தண்ணியும் கண்டபாட்டுக்கு ஓடக்கூடாது. அதுக்கும் ஒரு பிரேக்கர் அனுப்புவம். மதுசன், நீதான் பார்த்து எடு."

"ஓம் மாமா," என்றேன்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவர்கள் நிறுத்திய பிறகும் விடாமல் தட்டினேன். பெரியம்மா கண் கலங்கி, "பெடியனுக்கு எவ்வளவு நன்றி பாருங்கோ," என்றா.

மாமா கூட்டத்துக்கு உட்கார முதல் பேஸ்மென்ட் சூட்டைக் குறைத்திருந்தார். என் விரல்கள் விறைத்துப் போயிருந்தன.